சின்ன விஷயத்துக்கும் வெடித்துக் கத்தும் பிள்ளை: வீட்டில் படிப்படியாக என்ன செய்யலாம்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் மகனுக்கு அப்போது ஏழு வயது. கல்லிலிருந்து எடுக்கும்போது தோசை ஓரத்தில் கிழிந்துவிட்டது. அப்படியே தட்டில் வைத்தேன். "கிழிஞ்சிருக்கு" என்றான். "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான், சாப்பிடு" என்றேன். அடுத்த நொடி தட்டு சுவரில் மோதி விழுந்தது. சாம்பார் காலண்டர் வரை தெறித்தது. நாற்பது நிமிடம் கத்தினான். தங்கை சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அவனை அடித்தேன். அடித்ததும் சத்தம் இரண்டு மடங்கானது. கடைசியில் தரையில் படுத்து விக்கி விக்கிச் சொன்னான்: "முழுசா வரும்னு நெனச்சேன்மா."

அந்த ஒரு வரிக்குள் எல்லாம் இருந்தது. மனதில் ஒரு படம் போட்டு வைத்திருந்தான். நடந்தது வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு அது திமிராகத் தெரிந்தது, என் மாமியாருக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகத் தெரிந்தது. இது புரிந்து, வீட்டில் நடப்பதை மாற்றிக்கொள்ள எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதில் நான் கற்றதில் முதலாவது இது: பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது நாம் செய்கிற எதனாலும் அடுத்த கத்தல் குறைவதில்லை. அமைதியான ஒரு சாயங்காலம் உட்கார்ந்து செய்கிற வேலையால்தான் குறைகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கத்தும் நேரத்தைப் பற்றிய பகுதி ஐந்தாவதாகத்தான் வரும்.

தொடங்கும் முன்: எது இயல்பு, எது இல்லை

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயதுவரை விழுந்து புரண்டு அழுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. இரண்டு மூன்று வயதில் அது உச்சத்தில் இருக்கும். அமெரிக்காவில் மைக்கேல் பொடேகால் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த வயதுக் குழந்தைகளின் அழுகையில் பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடுகிறது, அழுகையும் சோகமும் அதையும் தாண்டி நீள்கின்றன என்பதும் அதில் தெரிந்தது. உங்கள் பிள்ளையைக் கவனித்தாலும் இது தெரியும். முதலில் எறிவது, உதைப்பது. அப்புறம் மடியைத் தேடுவது.

ஆறு, ஏழு, எட்டு வயதிலும் வாரத்தில் பலமுறை இப்படி நடந்தால் ஏதோ ஒரு திறன் இன்னும் கைகூடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். காத்திருப்பது, தோற்பது, திட்டம் மாறினால் சமாளிப்பது, வேண்டியதை வார்த்தையில் கேட்பது எல்லாமே திறன்கள்தான். அவசரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு அது வயதுக்கேற்ற அளவில்கூட இன்னும் வந்திருக்காது. வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு நாம் சொல்லித் தருகிறோம். காத்திருக்க வராத பிள்ளையை மட்டும் அடிக்கிறோம்.

முதல் படி: உடம்பைப் பாருங்கள்

இதைத் தாண்டி நேராக மனசுக்குப் போய்விடாதீர்கள். மூன்று முதல் ஐந்து வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை 9 முதல் 12 மணி நேரம். இரவு பதினொன்றுக்குப் படுத்து, பள்ளி வேனுக்காக ஆறு மணிக்கு எழும் பிள்ளைக்குத் தினமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கடன் விழுகிறது. வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கித் தூக்கம் கெட்டு, பகல் முழுக்க எரிந்து விழும் பிள்ளைகள் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், பூச்சித் தொல்லை, காது மந்தம் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் மூன்றில் இரண்டு பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நம் வீட்டில் இருக்காது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் படி: பதினைந்து நாள் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு வெடிப்புக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டான். "சும்மாவே கத்தினான்" என்று எழுதாதீர்கள். சும்மா எதுவும் நடக்காது, நாம் பார்த்திருக்க மாட்டோம். "கோபக்காரன்", "வேண்டுமென்றே" போன்ற சொற்களும் வேண்டாம். கேமரா எதைப் பார்த்திருக்குமோ அதை மட்டும் எழுதுங்கள்.

இது புதிய வழி இல்லை. 1931-லேயே அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்இனஃப், நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கோபத்தை அவர்களின் பெற்றோரையே வீட்டில் குறித்துவைக்கச் செய்தார். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வெடிப்புகள் கூடுவது அந்தக் குறிப்புகளில் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் நோட்டிலும் அதேதான். பதினைந்து நாளில் 23 முறை. அதில் ஒன்பது, மாலை நாலரைக்கும் ஆறுக்கும் இடையில், ஹோம்வொர்க் நோட்டைத் திறந்த பிறகு. ஐந்து, டிவியை நிறுத்தச் சொன்னபோது. நான்கு, தங்கையோடு கேரம் ஆடித் தோற்றபோது. மீதி உதிரி.

அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு மூச்சு வந்தது. "எப்ப பாத்தாலும் கத்துறான்" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று இடங்களில் நடந்தது. மூன்று இடம் என்றால் சமாளிக்கலாம்.

மூன்றாம் படி: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

நோட்டில் உள்ளதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். இந்தப் பிரிவும் அடுத்த படியில் வரும் பேச்சு முறையும், அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் ராஸ் கிரீன் வளர்த்தெடுத்த வழியை ஒட்டியவை. நான் எங்கள் வீட்டுக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் குவியல், இப்போதைக்கு விட்டுவிடுவது. சட்டையை உள்ளே விடுவது, தட்டில் கீரையை மிச்சம் வைப்பது, விருந்தாளிக்கு வணக்கம் சொல்வது. தோற்றுப்போய் விடுவது வேறு, முன்கூட்டியே முடிவெடுத்து விடுவது வேறு. காலையிலேயே மனதில் முடிவு செய்துகொண்டு, அதைப் பற்றி வாயே திறக்காமல் இருங்கள். ஒரே நேரத்தில் பத்து விஷயத்தில் மல்லுக்கட்டினால் ஒன்றும் மாறாது.

இரண்டாம் குவியல், பேச்சே இல்லாமல் உறுதியாக நிற்பது. ரோட்டில் கையை விடுவது, தங்கையை அடிப்பது, கத்தியை எடுப்பது, மாடி விளிம்பு. இது சின்னதாகத்தான் இருக்க வேண்டும். இங்கே பத்து இருந்தால் நீங்கள் போலீஸ் வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை. இதிலும் ஒரே ஒன்றை எடுங்கள். அடிக்கடி நடப்பதும், பிள்ளையே வெறுப்பதும் எதுவோ அது. நாங்கள் ஹோம்வொர்க்கை எடுத்தோம்.

நான்காம் படி: அமைதியான நேரத்தில் ஒரு பேச்சு

எல்லாவற்றிலும் கடினமானதும் அதிகம் பலன் தருவதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் இருங்கள். வண்டியில் போகும்போது, பட்டாணி உரிக்கும்போது, மாடியில் துணி மடிக்கும்போது. வயிறு நிறைந்திருக்கட்டும். நாங்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே பேசினோம்.

பேச்சைத் தொடங்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. "ஏன்டா ஹோம்வொர்க்னாலே இப்படிப் பண்ற?" என்று கேட்டால் பதில் வராது. 'ஏன்' என்று கேட்டாலே பிள்ளைக்குக் குற்றம் சாட்டுவதாகத்தான் கேட்கும். நான் சொன்னது: "கண்ணா, தமிழ் ஹோம்வொர்க் எழுதும்போது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு பாத்தேன். அதுல எது கஷ்டம்?"

"தெரியல."

'தெரியல' என்பதைப் பெரும்பாலான பெற்றோர் முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பிள்ளை யோசிக்கத் தொடங்கியதற்கான அடையாளம். நான் இரண்டு துண்டு மடித்து முடிக்கும் வரை எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒரு ஊகம் போட்டேன்: "எழுத்து நெறைய இருக்கா?" இல்லையென்று தலையாட்டினான். "கை வலிக்குதா?" "கொஞ்சம்." மறுபடி அமைதி. பிறகு தானாகச் சொன்னான்: "தப்பா எழுதிட்டு அழிச்சா பேப்பர் கிழியுதும்மா. கிழிஞ்சா மிஸ் ஸ்டார் போட மாட்டாங்க. அப்ப ஃபுல்லா போச்சு."

ஒரு வருடமாக நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். அவன் பென்சிலை அவ்வளவு அழுத்திப் பிடிக்கிறான். அடுத்த பக்கத்தில் தடம் பதிந்திருக்கும், அழித்தால் தாள் நைந்துவிடும். கிழிந்த தோசையும் கிழிந்த தாளும் அவனுக்கு ஒன்றேதான்.

பிள்ளை சொல்லி முடித்ததும் உடனே தீர்வுக்குப் பாயாதீர்கள். "வேற ஏதாவது இருக்கா?" என்று இன்னொருமுறை கேளுங்கள். அதற்குப் பிறகு நம் கவலையைச் சொல்லலாம். ஒரே வரியில், அறிவுரை கலக்காமல். "எனக்கு என்ன கவலைன்னா, தினமும் ஏழு மணி வரைக்கும் இதே ஓடுது, பாப்பா பயந்துக்கறா." பிறகு கேளுங்கள்: "உனக்குப் பேப்பர் கிழியக் கூடாது, எனக்கு ஆறு மணிக்குள்ள முடியணும். ரெண்டும் நடக்கற மாதிரி என்ன பண்ணலாம்?"

முதலில் அவன் சொல்லட்டும். அபத்தமாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். என் மகன் "நீயே எழுதிடு" என்றான், பிறகு "முதல்ல ரஃப் நோட்டுல எழுதறேன்" என்றான். இரண்டாவதை ஒத்துக்கொண்டோம். நான்கு நாளில் அது தோற்றது, இரண்டு முறை எழுதினால் நேரம் இரட்டிப்பாகிறது. மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை தவறான எழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த எழுத்தை எழுதலாம் என்று அவனே சொன்னான். ஆசிரியையிடம் நான் போய்க் கேட்டேன், சம்மதித்தார். அதுதான் நின்றது. முதல் ஒப்பந்தம் நிற்காமல் போவது வழக்கம். அதைப் பிள்ளையின் ஏமாற்று வேலையாகப் பார்க்காமல் இருந்தால் போதும்.

இதற்கு நட்சத்திர அட்டவணையும் பரிசும் போதாதா என்று கேட்பார்கள். தெரிந்த வேலையை மறக்காமல் செய்ய வைக்க அது உதவும். பல் தேய்ப்பது, பையை அடுக்குவது போல. செய்யவே வராத ஒன்றுக்குப் பரிசு வைத்தால், தினமும் தோற்றதை அட்டவணையில் ஒட்டிக் காட்டுவதாகத்தான் ஆகும். ஒரு மாதம் அந்தத் தவற்றைச் செய்தேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஐந்தாம் படி: வெடித்தே விட்டால்

ஒரு ஆள் மட்டும் அருகில் இருங்கள். மற்றவர்களை, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளை, வேறு அறைக்கு அனுப்புங்கள். எறியக்கூடியவை, சூடானவை, கூரானவை எல்லாவற்றையும் நகர்த்துங்கள். நின்றபடி மேலிருந்து பேசாமல், கொஞ்சம் தள்ளிக் கீழே உட்காருங்கள். வாசலை மறிக்காதீர்கள். தனக்கோ பிறருக்கோ காயம் வரும் என்றால் மட்டும் பிடியுங்கள், ஆபத்து நீங்கியதும் விட்டுவிடுங்கள்.

பேச்சைக் குறையுங்கள். "இங்கதான் இருக்கேன்." அவ்வளவு போதும். அந்த நேரத்தில் காரணம் கேட்பதும், "இனிமே செய்வியா?" என்பதும், "அப்பா வரட்டும்" என்பதும் பெட்ரோல். செல்போனில் வீடியோ எடுத்து "பாரு, எப்படி இருக்கேன்னு" என்று காட்டும் உறவினர்கள் இருக்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். அது ஆறாத அவமானம்.

கேட்டதைக் கொடுத்துவிடலாமா? உச்சத்தில் இருக்கும்போது கொடுக்காதீர்கள். ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓரிகனில் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பல வருடம் கவனித்து ஒரு சுழலை விளக்கினார். பிள்ளை கத்துகிறது, பெற்றோர் விட்டுக்கொடுக்கிறார்கள், சத்தம் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்கிறது, கொடுத்தால் அமைதி என்று பெற்றோர் கற்கிறார்கள். நாம் பதிலுக்குக் கத்தி அடக்கினாலும் இதே சுழல்தான், ஜெயிக்கும் ஆள் மட்டும் மாறுகிறார். அதனால்தான் விட்டுக்கொடுக்க வேண்டியதைக் காலையிலேயே முதல் குவியலில் போட்டுவிடச் சொன்னேன்.

மூச்சுப் பயிற்சி வேலை செய்யும், ஆனால் வெடித்த நேரத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. சாதாரண நாளில், விளையாட்டாக, சூடான இட்லியை ஊதுவது போல மெதுவாக ஊதப் பழக்குங்கள். சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது, தலையணையை இறுக்கிக் கட்டிக்கொள்வது, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது, இவற்றில் எது பிடிக்கிறது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பத்து தடவை சும்மா பழகியது பதினோராவது தடவை நிஜத்தில் கை கொடுக்கும்.

உங்களுக்கே கை ஓங்கும் நிலை வந்தால், "அம்மா தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு ஆபத்து இல்லாத இடமா என்று பார்த்துவிட்டு, இரண்டு நிமிடம் நகர்ந்துவிடுங்கள். சொல்லாமல் போகாதீர்கள், அது கைவிடுவதாகத் தெரியும்.

ஆறாம் படி: அடங்கிய பிறகு

முதல் அரை மணி நேரம் எதுவும் வேண்டாம். தண்ணீர், ஒரு வாழைப்பழம், மடி. வற்புறுத்தி வாங்கும் 'சாரி'யில் ஒன்றும் இல்லை. அதைவிட, கொட்டியதைச் சேர்ந்து துடைப்பதும், தங்கையின் உடைந்த பொம்மையைச் சேர்ந்து ஒட்டுவதும் நல்லது. நீங்கள் அடித்திருந்தால், கத்தியிருந்தால், நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். "ஆனா நீயும்" என்று ஆரம்பிக்காமல்.

வீட்டுப் பெரியவர்களும் பள்ளியும்

பாட்டி தாத்தாவோடு வாழும் வீட்டில் இது தனிப் போராட்டம். "நாங்கல்லாம் நாலு போட்டுத்தான் வளத்தோம்" என்று சொல்வார்கள். வாதாடிப் பயனில்லை. அத்தையிடம் நோட்டைக் காட்டினேன். "அத்தை, நாலரை மணிக்கு இவனுக்குச் சுண்டலோ கேழ்வரகுக் கஞ்சியோ நீங்கதான் குடுக்கணும், அப்புறம்தான் ஹோம்வொர்க்" என்று ஒரு வேலையை ஒப்படைத்தேன். சுண்டல் போன பிறகு சண்டை குறைந்ததை அவரே கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்குப் போகும்போது புகாராகப் போகாமல் நோட்டோடு போங்கள். ஒரே ஒரு ஏற்பாட்டைக் கேளுங்கள்: முகம் சிவந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வர அனுமதி, அல்லது கையெழுத்துக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பது. அடித்தாலோ வகுப்பில் அவமானப்படுத்தினாலோ அமைதியாக, எழுத்தில், தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

எப்போது வெளி உதவி தேட வேண்டும்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2008-ல் சில எச்சரிக்கை அடையாளங்களைத் தந்தது: சராசரியாக 25 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, பெரும்பாலான முறை பிறரைத் தாக்குவது, தன்னையே அடித்துக்கொள்வது அல்லது கடித்துக்கொள்வது, தானாக அடங்கவே முடியாமல் போவது. இவற்றோடு பேச்சு தாமதம், எழுதப் படிக்கச் சிரமம், ஓயாத துறுதுறுப்பு, சத்தமோ துணியின் உரசலோ தாங்காமை இருந்தாலும் காட்டுங்கள். ஆட்டிசம், கவனக்குறைவு, கற்றல் குறைபாடு, பதற்றம் எல்லாமே கோபம் போலத்தான் வெளியே தெரியும். அமைதியாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால், யாராவது மிரட்டுகிறார்களா, தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்களா என்பதை முதலில் விசாரியுங்கள். "சாகணும்" என்று சொன்னால் சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

குழந்தை மருத்துவரில் தொடங்கலாம். அரசு மருத்துவமனையில் டிஇஐசி என்று கேளுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை வளர்ச்சிச் சிக்கல்களைப் பார்க்கும் மாவட்ட மையம் அது. பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவு உண்டு. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸின் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்றால் 1098. எங்கள் மகனைக் காட்டியபோது கை விரல் தசைகளின் பலக் குறைவுதான் எழுத்துச் சிரமத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு ஆறு மாதம் போனோம். வீட்டில் சப்பாத்தி மாவு பிசைவது அவன் வேலையானது.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது

மாதம் ஒருமுறை பதினைந்து நாள் நோட்டைத் திரும்ப எழுதுங்கள். எத்தனை முறை, எவ்வளவு நேரம், முடிந்தபின் சிரிக்க எவ்வளவு நேரம் என்ற மூன்று எண்களைப் பாருங்கள். முதலில் குறைவது பெரும்பாலும் எண்ணிக்கை இல்லை. எங்களுக்கு இரண்டாம் மாதத்தில் 23 என்பது 20 ஆனது, அவ்வளவுதான். ஆனால் நாற்பது நிமிடம் பதினைந்தாகியிருந்தது. இதை எழுதி வைத்திருக்காவிட்டால் "ஒண்ணுமே மாறல" என்று விட்டிருப்போம். பரீட்சை நேரம், காய்ச்சலுக்குப் பிறகு, ஊருக்குப் போய் வந்த வாரம், இப்போதெல்லாம் பழையபடி ஏறும். ஏறிவிட்டு இறங்கும்.

போன மாதம் ஒரு நாள் காலை தோசை மறுபடியும் கிழிந்தது. தட்டைப் பார்த்தான். காது மடல் சிவந்தது, இரண்டு கையையும் மேசை விளிம்பில் வைத்துத் தள்ளினான். நான் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி பேசாமல் நின்றேன். "அம்மா, இத நீ எடுத்துக்கோ. எனக்கு வேற ஊத்து" என்றான். குரல் நடுங்கியது. ஊற்றினேன்.